இரண்டு கையிலும் கடிகாரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



மேடைக்கு வரும்போதே முன்வரிசையில் இருந்து ஒரு குரல் கேட்டது: "என்னப்பா, ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டிக்கிட்டு வந்திருக்கே?" காரணம் இருக்கிறது. வலது கையில் இருப்பது எச்.எம்.டி. ஜனதா. 1979ல் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் தேறியபோது என் அப்பா வாங்கிக் கொடுத்தது. இடது கையில் இருப்பது ஸ்மார்ட் வாட்ச். 2021 தீபாவளிக்கு என் மகன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. "விலையைக் கேக்காதீங்கப்பா" என்றான். கேட்கவில்லை. பிறகு தானாகவே தெரிய வந்தது. என் முதல் மூன்று வருடச் சம்பளம்!

எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். வட்டமா சதுரமா என்று சொன்னால்கூட சிலர் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் அதையும் சொல்லப்போவதில்லை. நான் இங்கே வந்தது விளம்பரம் செய்யவும் அல்ல, யார் மீதும் குற்றப் பத்திரிகை வாசிக்கவும் அல்ல. இந்தப் பொருளோடு சில வருடங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதன் நிறை குறைகளைச் சொல்லும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இயற்பியல் படித்தவன் என்ற முறையிலும், இந்தக் கடிகாரத்தை நம்பி ஒருநாள் ஏறக்குறைய உயிரை விட இருந்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

முதலில் அழகு. உண்மையிலேயே அழகான பொருள். எஃகு உடல், பழுப்புத் தோல் வார், கறுப்பு முகம். பொத்தானைத் தொட்டால் முகம் மாறும்: கல்யாண வீட்டுக்கு ரோமன் எழுத்து, காலை நடைக்குப் பெரிய பெரிய எண்கள். கட்டிக்கொண்டு போன முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட என் கையைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். ஆனால் தோல் வாரும் மதுரை வெயிலும் ஒத்துப்போகவில்லை. மூன்றே மாதத்தில் வேர்வையில் ஊறி நாற்றம் எடுத்து, "அதைக் கழட்டி வாசலுக்கு வெளிய வச்சிட்டு வாங்க" என்று வீட்டில் உத்தரவு வந்தது. இப்போது கட்டியிருப்பது ரப்பர் மாதிரியான சிலிக்கோன் வார். பாதி அழகு அதோடு போயிற்று. மாணவர்கள் வாங்குவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். கடையின் குளிர்சாதன அறையில் பார்க்கும் அழகு வேறு, டவுன் பஸ்சில் தொங்கிக்கொண்டு போகும்போது இருக்கும் அழகு வேறு.

அடுத்தது சார்ஜ். ஒன்றரை நாள் தாங்கும். என் அப்பா தினமும் காலையில் ஜனதாவுக்குச் சாவி கொடுக்கச் சொல்லித் தந்தார். அது ஒரு நாள் ஓடும். பிறகு குவார்ட்ஸ் வந்தது. ஒரு சின்னப் படிகம், நொடிக்கு 32,768 அதிர்வு. இரண்டின் 15ஆவது அடுக்கு. பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. இயற்பியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பாட்டரி போட்டால் வருடக்கணக்கில் கவலை இல்லை. அதை விட்டுவிட்டு, மறுபடியும் தினசரி சாவி கொடுக்கும் காலத்துக்கே வந்திருக்கிறோம். சாவிக்குப் பதில் ஒயர், அவ்வளவுதான்.

ஆயுள் விஷயம் இதைவிட முக்கியம். ஆப்பிள் கம்பெனி 2015ல் தன் முதல் கைக்கடிகாரத்தை விற்றபோது 18 காரட் தங்கத்தில் ஒரு வகையும் வெளியிட்டது. ஆரம்ப விலை 10,000 டாலர். 2018ல் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் தலைமுறைக் கடிகாரங்களில் ஓடாது என்று ஆகிவிட்டது, தங்கமானாலும் சரி, அலுமினியமானாலும் சரி. மூன்றே வருடம்! பெபிள் என்று ஒரு கடிகாரம். 2012ல் பொதுமக்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் பணம் திரட்டி வந்த பொருள். 2016 முடிவில் கம்பெனி மூடப்பட்டது, 2018ல் அதன் பின்னணிச் சேவைகளும் நிறுத்தப்பட்டன. கையில் கட்டியிருந்தவர்கள் தாங்களே ஒன்றுகூடி மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டி வந்தது. எச்.எம்.டி.யின் கதையும் சோகம்தான். 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழில், 2016ல் மத்திய அரசின் முடிவால் மூடுவிழா கண்டது. ஆனால் கம்பெனி போன பிறகும் என் ஜனதா ஓடுகிறது. தினம் இரண்டு நிமிடம் பின்தங்கும், என்னைப்போல. டவுன்ஹால் ரோட்டில் ஒரு பெரியவர் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு திறந்து பார்த்து, எண்ணெய் போட்டுக் கொடுத்துவிடுகிறார். இடது கைக் கடிகாரத்தை அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்க்ரூவே இல்லியே சார்" என்று கொடுத்துவிட்டார்.

சரி, இதெல்லாம் சில்லறைக் குறைகள். பணம் உள்ளவன் இரண்டு வருடத்துக்கு ஒன்று மாற்றிக்கொள்ளட்டும். இந்தப் பொருளின் உண்மையான மதிப்பு அது உடம்பை அளக்கிறது என்பதில் இருக்கிறது, அதன் உண்மையான ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தலைவர் மணி அடித்தாலும் இந்தப் பகுதியை முடிக்காமல் இறங்கமாட்டேன்.

கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தால் பச்சை விளக்கு மினுக்கும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மணிக்கட்டில் இரத்தம் கூடும், திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. எளிய, அழகான இயற்பியல். ஆனால் நம் தோலின் கறுப்பு நிறமியும் அதே பச்சை ஒளியை விழுங்கும். பச்சை குத்தியிருந்தால் இன்னும் சிக்கல். ஆக்சிஜன் அளவுக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் பயன்படுத்துகிறார்கள். அங்கேயும் தோல் நிறம் வேலையைக் காட்டும். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கருவிகளைப் பற்றியே 2020ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி "நன்றாக இருக்கிறது" என்று காட்டியது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். விரலில் மாட்டுவதற்கே இந்தக் கதி என்றால் மணிக்கட்டில் கட்டுவதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே யோசியுங்கள்.

இங்கே ஒரு பரிசோதனை. பக்கத்து வீட்டுப் பையன் மலிவு விலையில் ஒரு கடிகாரம் வாங்கியிருந்தான். அதை ஒரு நேந்திரம்பழத்தில் கட்டி மேசைமேல் வைத்தோம். சிறிது நேரம் யோசித்துவிட்டு, நாடித்துடிப்பு 74 என்று காட்டியது! பழம் ஆரோக்கியமாக இருந்தது, மறுநாள் சாப்பிட்டோம். எங்கள் ஆய்வகத்தில் பேராசிரியர் கல்வனாமீட்டர் முள் அசைந்தால் உடனே எழுதவிடமாட்டார். "கம்பியைக் கழட்டிட்டுப் பாரு. அப்பவும் அசையுதான்னு பாரு" என்பார். அந்த ஒரு பாடத்துக்காகவே மூன்று வருட ஃபீஸ் கட்டியது தகும்.

நடை எண்ணும் விஷயம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறவன். அப்படி நடந்தால் இது கணக்கில் பாதியைத் தின்றுவிடும். ஆனால் பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்து தாளம் போட்டால் இருநூறு முன்னூறு அடி நடந்ததாக எழுதிக்கொள்ளும். தினம் 10,000 அடி என்று எல்லோரும் வேத வாக்காகச் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும். விற்பனைக்கு வைத்த பெயர்! 2019ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பெண்களில் நாளுக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. ஆகவே பத்தாயிரம் வரவில்லையே என்று ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி வரும் நண்பர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கத்துக்கும் இது மார்க் போடும். அதைப் பார்க்காதீர்கள். மார்க் குறைந்த கவலையிலேயே மறுநாள் தூக்கம் கெடும்.

இப்போது இ.சி.ஜி.

டச்சுக்காரர் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெய்டன் நகரில் இதயத்தின் மின்துடிப்பை வரையும் கருவியை அமைத்தார். அதன் எடை சுமார் 270 கிலோ, இயக்குவதற்கு ஐந்து பேர். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புநீர் வாளிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்காக 1924ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த 270 கிலோதான் இன்று என் இடது கையில் இருக்கிறது. கடிகாரத்தின் அடிப்பக்கம் இடது மணிக்கட்டைத் தொடுகிறது. வலது விரலைப் பக்கத்தில் இருக்கும் குமிழில் வைத்து முப்பது நொடி அசையாமல் இருந்தால் படம் வரைந்துவிடும். நினைத்துப் பார்த்தால் மெய்சிலிர்க்கிறது, மறுக்கவில்லை.

இதனால் நன்மை அடைந்தவர் ஒருவர் இந்த அரங்கிலேயே இருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவருடைய கடிகாரம் நாடி சீரற்று இருப்பதாக இரண்டு மூன்று முறை எச்சரித்தது. அவருக்கோ உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. மகள் நச்சரித்ததால் டாக்டரிடம் போனார். மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் கோளாறு இருந்தது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. இன்று இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, நம்மோடு காலை டிபனில் மூன்று வடை சாப்பிட்டார். பார்த்தேன். ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2019ல் வெளியான பெரிய ஆய்வில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். எச்சரிக்கை வந்தவர்கள் 200 பேருக்கு ஒருவர்தான். அவர்களில் பிறகு மார்பில் ஒட்டும் பட்டையை அணிந்து பரிசோதனைக்கு உட்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தக் கோளாறு உறுதியானது. வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இனி என் கதை. 2022, மார்கழி மாதம். விடியற்காலை ஐந்தே காலுக்கு விழிப்பு வந்தது. நெஞ்சில் வலி என்று சொல்லமாட்டேன். யாரோ உட்கார்ந்திருப்பது போல ஒரு பாரம். தாடையில் ஒரு குடைச்சல். மார்கழிக் குளிரில் பனியன் நனைந்திருந்தது. வாயு என்று நினைத்தேன். நம் ஊரில் அறுபது வயது ஆணுக்கு வேறு எந்த வியாதியும் வராது, வாயு மட்டும்தான் வரும்! ஆனாலும் ஒரு சந்தேகம். கையில்தான் விஞ்ஞானம் இருக்கிறதே என்று விரலை வைத்தேன். முப்பது நொடி. 'சைனஸ் ரிதம்' என்று வந்தது. அதாவது லயம் சரியாக இருக்கிறது. பச்சையாக ஒரு குறி. எவ்வளவு ஆறுதல் தெரியுமா! ஓமத்திரவம் குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் மணி கழித்து மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் சைனஸ் ரிதம். மூன்றாவது முறையும் அதேதான். இப்படியே ஐம்பது நிமிடம் போயிற்று.

கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "என்ன இப்படி வேர்க்குது?" என்றாள். கடிகாரத்தைக் காட்டினேன். "அது என்ன வேணா சொல்லட்டும், உங்க மூஞ்சி சரியில்ல" என்று 108க்குப் போன் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு லீடு இ.சி.ஜி. எடுத்தவுடன் அங்கிருந்தவர்களின் நடை மாறியது, ஓட்டமாக. வலது இதயத் தமனியில் முழு அடைப்பு. அன்று காலையே ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் இதயத் தசையில் கொஞ்சம் போய்விட்டது. இந்தக் கட்டடத்தின் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுவேன் அந்தக் காலத்தில். இன்று இரண்டு இடத்தில் நின்றேன். அந்த ஐம்பது நிமிடத்தின் கணக்கு அது.

இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் கேட்டேன்: "ஏன் டாக்டர், இது பொய் சொல்லிடுச்சா?" சின்ன வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். "பொய் சொல்லல சார். உங்க லயம் உண்மையிலேயே சரியாத்தான் இருந்துச்சு. இது ரெண்டு கைக்கு நடுவுல ஒரே ஒரு கோணத்துல பாக்குது. உங்களுக்கு அடைப்பு இதயத்தோட கீழ்ச்சுவருக்குப் போற குழாய்ல. முன்வாசல்ல நின்னுக்கிட்டு கொல்லைப்பக்கம் திருடன் வரலைன்னு சொன்னா எப்படி?" வீட்டுக்கு வந்து, பெட்டியில் இருந்த கையேட்டை முதல்முறையாகப் பிரித்துப் படித்தேன். மாரடைப்பை இதனால் கண்டுபிடிக்க முடியாது என்று அச்சடித்தே இருந்தது. ஆப்பிள் உட்பட மற்றவர்களும் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆகவே குற்றவாளி நான்தான். மூன்று வருடச் சம்பளம் போட்டு மகன் வாங்கித் தந்ததை மூன்று பக்கம் படிக்காமல் கட்டிக்கொண்டவன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்தப் பச்சைக் குறி ஏன் அவ்வளவு ஆறுதலாக இருக்க வேண்டும்? இது கூப்பிட்டு எச்சரித்தால் டாக்டரிடம் போங்கள், தப்பாக இருந்தாலும் நஷ்டம் ஒரு ஃபீஸ்தான். இது பேசாமல் இருக்கிறது என்பதற்காக நீங்களும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நெஞ்சில் பாரம், தாடை அல்லது இடது கையில் வலி, காரணமில்லாத வேர்வை. இதில் எது வந்தாலும் கையைப் பார்க்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். இந்த அரங்கில் 1975 முதல் 1985 வரை வெளியேறியவர்கள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம். இதைச் சொல்வதற்காகத்தான் செயலாளர் அழைத்ததும் ஒத்துக்கொண்டேன்.

"அப்படின்னா ஏன் இன்னும் கட்டியிருக்கே?" என்று கேட்பீர்கள். இன்று அது எனக்கு அன்றைவிட உபயோகமாக இருக்கிறது என்பதால்தான். நடக்கும்போது நாடி எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரோ, அதைத் தாண்டினால் மணிக்கட்டில் தட்டும். நான்கு வேளை மாத்திரைக்கும் தட்டும். மறதிக்காரனுக்கு அது பெரிய உதவி. சில கடிகாரங்களில், கடுமையாகக் கீழே விழுந்து ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் தானாகவே உதவிக்கு அழைக்கும் வசதி 2018 முதல் இருக்கிறது. தனியாக இருக்கும் பெற்றோருக்கு அது வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கித் தருவதோடு நிற்காமல், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டும் போங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வயதுக்கு இது அவசியமா என்றால், எனக்குத் தெரிந்தவரை அலங்காரம்தான். அலங்காரம் தப்பில்லை, நாங்களும் பெல்பாட்டம் போட்டவர்கள்தான். ஆனால் நாடி, தூக்கம், நடந்த பாதை எல்லாம் உங்கள் போன் வழியாக எங்கேயோ போய்ச் சேருகிறது. 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது நல்ல விஷயம். இருந்தாலும் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் இரண்டு வரியாவது படியுங்கள். படிக்காததன் விலை என்ன என்று இப்போதுதான் கேட்டீர்கள். நீட் தேர்வறைக்கு எந்தக் கைக்கடிகாரமும் எடுத்துப்போக முடியாது, ஜனதாவுக்கும் அனுமதி இல்லை. அதையும் சொல்லிவைக்கிறேன்.

தலைவர் இரண்டாம் முறை மணியைத் தொடுகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய இயற்பியல் ஆய்வகத்தில், ஜன்னல் பக்கம் உள்ள மேசையில் இருப்பேன். துறைத் தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். இந்தக் கடிகாரத்தின் ஒற்றைக்கோண இ.சி.ஜி.யும், பன்னிரண்டு லீடில் எடுத்த என்னுடைய 2022ஆம் வருடத்துத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பேன். வந்து பாருங்கள். ஒரு நேந்திரம்பழமும் கொண்டுவந்திருக்கிறேன். இதில் சார்ஜ் இன்னும் முப்பது சதவீதம்தான் இருக்கிறது, ஆகவே சாப்பிட்டவுடனே வாருங்கள்.